இழைப்பு எந்திரத்தில் ஒரு விரல் காயம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மரத்தை அறுத்து, உலர்த்தி, இழைத்து அனுப்பும் ஒரு நடுத்தர ஆலையில் நடந்தது இது. நான் அப்போது அங்கே பராமரிப்புப் பொறுப்பில் இருந்தேன். விசாரணையும் என் தலையில்தான் விழுந்தது. பெயர்கள் தேவையில்லை, ஆபரேட்டர், ஹெல்ப்பர், சூளைக்காரர் என்றே எழுதுகிறேன்.

ஆலையில் ஓடியது பெரும்பாலும் பைன் மரம். 25 மி.மீ. கனம், 150 மி.மீ. அகலம் என்று அறுத்த பலகைகள் உலர்சூளைக்குப் போகும். வெளியே வந்தபின் இழைப்புக் கூடத்தில் 20 மி.மீ. கனத்துக்கு இறங்கித் தரைப்பலகையாக வெளியேறும்.

எந்திரம் நான்கு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் சீவும் வகை. கட்டர் ஹெட்டைக் கூடத்தில் எல்லோரும் ‘தலை’ என்பார்கள். பலகை முதலில் கீழ்த்தலைமேல் ஏறும், பிறகு இரண்டு பக்கத்தலைகளுக்கு நடுவே போகும், கடைசியாக மேல்தலைக்கு அடியில் நுழைந்து வெளியேறும். ஒவ்வொரு தலையும் 125 மி.மீ. விட்டம், நான்கு கத்தி, நிமிடத்துக்கு 6000 சுற்று. அந்த வேகத்தில் கத்தியின் முனை நொடிக்கு 39 மீட்டர் ஓடும். மணிக்கு 140 கிலோமீட்டர் என்று சொன்னால் சட்டென்று விளங்கும். பலகையை உள்ளே தள்ளுவது காற்றழுத்தத்தில் மேலிருந்து அழுத்தும் பல் ரோலர்கள். தள்ளும் வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர் என்று நிர்ணயித்திருந்தோம்.

பலகை சிக்குவது எந்த இழைப்புக் கூடத்திலும் உண்டு. கனம் கூடிய பலகை வந்தால் ரோலர் திணறும்; மெலிந்த பலகை வந்தால் பிடி கிடைக்காமல் நின்றுவிடும்; பிளந்த பலகை வந்தால் அதன் சிராய் எங்காவது மடங்கி அடைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் பதிவேட்டில் ஒரே வார்த்தைதான், ‘ஜாம்’. பக்கத்தில் எத்தனை நிமிடம் போனது என்று ஒரு எண் இருக்கும். எதனால் சிக்கியது என்று எழுதக் கட்டமே கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சம்பவத்துக்கு ஐந்து மாதம் முன்பு ஒரு லோடு பலகை 16 சதவீத ஈரத்தோடு வெளியே போய்விட்டது. வாங்கியவர் தரை போட்டபின் பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டன, புகார் வந்தது. அதன்பின், சூளையிலிருந்து இறக்குவதற்கு முன்பே ஈரத்தை அளந்து எழுத வேண்டும், 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இறக்கக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இழைப்புக் கூடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த இரவு

இரவு ஷிஃப்ட், இரண்டு மணியை ஒட்டி. அந்த ஒரு மணி நேரத்தில் அது மூன்றாவது ஜாம். பலகை நீளவாக்கில் பிளந்து, ஒரு நீண்ட சிராய் மேல்தலைக்குச் சற்று முன்னால் மடங்கி நின்றுவிட்டது. ஆபரேட்டர் ஸ்டாப் பட்டனை அழுத்தினார். ரோலர் மோட்டாரும் தலைகளின் மோட்டார்களும் மின்சாரம் இழந்தன. முந்தைய பலகையை இழுத்து எடுக்க அவர் வெளிவாய்ப் பக்கம் போனார்.

ஹெல்ப்பர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூடியருகே காத்திருந்து, பிறகு அதைத் தூக்கினார். உள்ளே பார்த்தார். சிராயின் முனையைப் பிடித்து இழுக்க இடது கையை நீட்டினார். பருத்திக் கையுறை போட்டிருந்தார்.

தலை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. மோதிர விரலின் நுனியும் நகமும் போயின. எலும்புக்குச் சேதமில்லை. கையுறை கிழிந்து கழன்றுவிட்டதால் கை உள்ளே இழுபடவில்லை. துணி கிழியாத கையுறையாக இருந்திருந்தால் இந்த ஆய்வின் தலைப்பே வேறாகியிருக்கும். காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தபடி அரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் நாள் பார்த்தவை

காலையில் ஸ்டாப்வாட்சோடு எந்திரத்தின் முன் நின்றேன். முழு வேகத்துக்கு ஏற்றி, ஸ்டாப் அழுத்தி, மேல்தலை முற்றிலும் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மூன்று முறை பார்த்தேன். 2 நிமிடம் 40 நொடியை ஒட்டியே வந்தது. பிரேக் கிடையாது. தானாகச் சுழன்று தானாக நிற்க வேண்டியதுதான்.

மூடியில் ஒரு லிமிட் ஸ்விட்ச் இருந்தது. அதிர்வில் அடிக்கடி எந்திரத்தை நிறுத்துகிறது என்று யாரோ அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. கம்பியின்மேல் தூள் கெட்டியாகப் படிந்திருந்தது. நிர்வாகத்தின் கண் முதலில் அந்தக் கம்பியில்தான் விழுந்தது. ஆனால் அந்த ஸ்விட்ச் ஒழுங்காக இருந்திருந்தாலும் அன்றிரவு எதுவும் மாறியிருக்காது. மூடியைத் திறந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. மின்சாரம் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது. சுழற்சியை நிறுத்தவோ, சுழலும்வரை மூடியைத் திறக்கவிடாமல் தடுக்கவோ அதனால் முடியாது.

சத்தம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது. பக்கத்தில் பேண்ட் ரம்பமும் தூள் உறிஞ்சும் ஊதியும் ஓடிக்கொண்டிருந்தன. காதில் மஃப் வேறு. 85 டெசிபலுக்கு மேல் நாள்முழுதும் வேலை என்றால் காதுக்குக் கவசம் வேண்டும். இழைப்பு எந்திரத்தின் அருகே 100 டெசிபலை ஒட்டிப் போகும். காதைக் காப்பாற்றும் கவசமே வேகம் இறங்கிக்கொண்டிருக்கும் தலையின் மெல்லிய ஓசையையும் மறைத்துவிடுகிறது.

மருத்துவமனையில் ஹெல்ப்பரைப் பார்த்தேன். அவர் சொன்னது இரண்டே வாக்கியம். “அண்ணன் சொன்ன மாதிரி நூறு எண்ணிட்டுத்தான் சார் திறந்தேன். கத்தி நின்னுதான் இருந்துச்சு, கண்ணால பார்த்தேன்.”

முதல் வாக்கியத்தை ஆபரேட்டரிடம் கேட்டேன். ஆமாம், நூறு எண்ணச் சொல்லித்தான் பழக்கினேன் என்றார். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் என்றார். அங்கேதான் எனக்கு முதல் உறுத்தல். மூன்று வாரம் முன்புதான் அந்தத் தலையின் பேரிங்குகளையும் பெல்ட்டையும் நான் மாற்றியிருந்தேன். பழைய பேரிங்குகள் இறுகிக் கிடந்தன. அவற்றோடு தலை ஒன்றரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். நூறு எண்ணினால் போதுமாக இருந்தது. புதிய பேரிங் வழவழவென்று ஓடும். நிற்க ஒரு நிமிடத்துக்கும் மேல் கூடுதலாக எடுக்கும். எந்திரம் நல்ல நிலைக்கு வந்தது, அதைச் சுற்றி இருந்த பழக்கம் ஆபத்தானது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாவது வாக்கியத்தை நம்பவில்லை. அடிபட்டவர்கள் சொல்லும் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் காரணம் என்ற கட்டத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன்.

முதலில் எடுத்த முடிவு, அது ஏன் பலிக்கவில்லை

லிமிட் ஸ்விட்சைச் சரிசெய்தோம். சூப்பர்வைசர் வந்து நின்றால்தான் மூடியைத் திறக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டோம். உடனே எதையாவது செய்தாக வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது. இதற்குச் செலவும் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் பதிவேட்டில் ஜாம் அநேகமாக இல்லை. ஷிஃப்டுக்கு ஒன்று, சில நாள் பூஜ்யம். நிர்வாகம் மகிழ்ந்தது. எனக்கு அது செரிக்கவில்லை, ஏனென்றால் பிளந்த பலகைகளை வெட்டிப்போடும் தொட்டி முன்போலவே நிரம்பிக்கொண்டிருந்தது. பலகை பிளக்கிறது, ஆனால் சிக்கவில்லை என்றால் எப்படி?

இழைத்த பலகை ஒன்றை எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இழைப்பு எந்திரத்தில் போன எந்தப் பலகையிலும் மெல்லிய அலைகள் இருக்கும். கத்தி வட்டமாகச் சுழன்று வெட்டுவதால் வருவது. எங்கள் தலைகளில் நான்கு கத்தி இருந்தாலும், சுழலும்போது கல் பிடித்து எல்லாக் கத்தியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி இல்லை. அதனால் நூலளவு தூக்கலாக நிற்கும் ஒரு கத்திதான் கடைசி அலையைப் பதிக்கும். ஒரு சுற்றுக்கு ஓர் அலை. நிமிடத்துக்கு 12 மீட்டர் தள்ளி 6000 முறை சுற்றினால் அலைகளுக்கிடையே 2 மி.மீ. வரவேண்டும். பலகையில் இருந்தது 3 மி.மீ. அதாவது இரவில் 18 மீட்டர் வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். அலையின் ஆழமும் கூடியிருந்தது: 2 மி.மீ. இடைவெளிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் எட்டுப் பங்குதான் ஆழம், 3 மி.மீ.க்கு ஆயிரத்தில் பதினெட்டு. விரலுக்குத் தட்டாது, சாய்வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும்.

ஏன் வேகத்தைக் கூட்டினார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டால் பத்து நிமிடம். கூப்பிடாமல் தாங்களே எடுத்துவிட்டால் பதிவேட்டில் எழுத முடியாது. எழுத முடியாத நிமிடங்களை எங்கிருந்தாவது மீட்க வேண்டும். ஆக, எங்கள் உத்தரவால் கைகள் உள்ளே போவது நிற்கவில்லை. எங்களுக்குத் தெரிவது நின்றது.

எண்ணத் தொடங்கியபின்

உத்தரவைத் திரும்பப் பெற்றோம். பேனலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, ஜாம் வந்தால் சாக்பீஸால் ஒரு கோடு மட்டும் போடச் சொன்னோம். பெயர் வேண்டாம், நேரம் வேண்டாம், கோட்டுக்குப் பக்கத்தில் காரணத்துக்கு ஓர் எழுத்து: பிளவுக்குப் பி, கனத்துக்கு க, மெலிவுக்கு மெ. பலகை எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதற்கு அடுக்கு எண். அந்த வாரங்களில் ஒரு கோட்டுக்கும் யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று நிர்வாகத்திடம் வாக்கு வாங்கினேன். இது கிடைக்கத்தான் அதிக நாள் ஆனது.

ஷிஃப்டுக்கு 9 முதல் 14 கோடு விழுந்தது. பத்தில் எட்டுக்குப் பக்கத்தில் ‘பி’.

ஒரு ஷிஃப்டில் பன்னிரண்டு முறை ஒரு மனிதர் சுழலும் கத்தியின் பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோகிறார் என்றால், ஏதோ ஓர் இரவு விரல் போவதில் வியப்பில்லை. இத்தனை நாள் போகாமல் இருந்ததுதான் வியப்பு. விசாரணை அங்கிருந்து திசை மாறியது. கை ஏன் உள்ளே போனது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பலகை ஏன் பிளக்கிறது என்று கேட்கத் தொடங்கினோம்.

பலகையைப் பின்தொடர்ந்து

பிளந்த பலகைகள் எல்லாமே குறுக்கே கிண்ணம்போல் குழிந்திருந்தன. மரத்தின் ஆண்டு வளையங்களுக்குத் தொடுகோடாக அறுத்த பலகை உலரும்போது பட்டைப் பக்கம் நோக்கிக் குழிவது இயல்பு. வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் சுமார் இரு மடங்கு. கொஞ்சம் குழிந்தால் எந்திரம் சீவித் தட்டையாக்கிவிடும். இவை கொஞ்சமாகக் குழியவில்லை. குழிந்த முகம் கீழே இருக்கப் பலகை பாலம்போல் நிற்கிறது, ரோலர் நடுவில் அழுத்துகிறது, நடு நீளத்துக்குப் பிளக்கிறது.

ரோலரின் அழுத்தத்தைப் பார்த்தேன். நிர்ணயித்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வைத்திருந்தார்கள். எந்திரத்தின் படுகையில் பிசின் படிந்து பலகை வழுக்காமல் இழுத்ததால், பிடி வேண்டும் என்று ஆபரேட்டர் படிப்படியாகக் கூட்டியிருக்கிறார். பிசினைத் துடைத்தால் போதும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. துடைக்க எந்திரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்த நேரம் இல்லை. நேரம் ஏன் இல்லை? ஜாமில் போகிறது.

அப்புறம் ஈரம். பிளந்த பலகைகளைக் குத்தூசி மீட்டரால் அளந்தேன்: 7, 7.5, சிலவற்றில் 6. சூளைப் பதிவேட்டில் அதே அடுக்குகளுக்கு 10, 11 என்று இருந்தது. சூளைக்காரர் பொய் எழுதுகிறவர் அல்ல. அவருடைய மீட்டரும் என்னுடையதும் ஒரே பலகையில் ஒரே எண்ணைக் காட்டின.

அன்று மாலை அவர் அளக்கும்போது கூடவே நின்றேன். கதவு திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அடுக்கு இன்னும் 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. அப்படியே ஊசியைக் குத்தினார், 11 காட்டியது. எழுதிக்கொண்டார்.

குத்தூசி மீட்டர் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை. மரத்தின் மின்தடையை அளந்து ஈரமாகக் கணக்கிடுகிறது. மரம் சூடானால் தடை குறையும். மீட்டர் உள்ளதைவிடக் கூடுதல் ஈரம் காட்டும். அறையின் வெப்பத்துக்கு, அதாவது 20 டிகிரியை ஒட்டி, சரிபார்த்த மீட்டரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் ஒரு புள்ளி தவறும். அந்தப் பலகைகளுக்குக் குறியிட்டு, ஓர் இரவு ஆறவிட்டுக் காலையில் அளந்தோம். ஏழரையை ஒட்டி வந்தது.

புகாருக்கு முன்பு அவர் அடுக்கை இறக்கி ஆறவிட்டு மறுநாள்தான் அளப்பார். ‘இறக்குவதற்கு முன்பே அளந்து எழுது’ என்ற உத்தரவு வந்ததிலிருந்து சூட்டோடு அளக்கிறார். மீட்டர் 13 காட்டினால் இன்னும் சில மணி நேரம் ஓட்டுகிறார். 11 காட்டும்போது மரம் உண்மையில் காய்ந்து கருவாடாகியிருக்கிறது.

அவர் நேரத்தைக் கூட்டியது சூளையின் கடைசி, வறண்ட கட்டத்தில். அதற்கு ஈடுகட்ட, முடிவில் நீராவி விட்டு மரத்துக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்தும் கட்டத்தைச் சுருக்கியிருந்தார். இதைச் சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. பலகையின் குறுக்கே ஒரு துண்டு வெட்டி, அதன் நடுவை எடுத்துவிட்டு இரண்டு விரல் நீட்டியதுபோல் கவைவடிவம் ஆக்க வேண்டும். இறுக்கம் இல்லாத மரத்தில் விரல்கள் நேராக நிற்கும். எங்கள் துண்டில் அவை உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட்டன. அந்தத் துண்டு வெகுநாள் என் மேசைமேல் கிடந்தது.

குழல்விளக்கு

இதற்கிடையில், தேடாமல் கிடைத்த ஒன்று.

பிரேக் போடுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம். தலையின் வேகம் எப்படி இறங்குகிறது என்று அளக்க, மூடியின் இடத்தில் கெட்டியான, ஒளிபுகும் பாலிகார்பனேட் தகட்டைப் போல்ட் போட்டு இறுக்கி, வேகமானியோடு உட்கார்ந்தோம். இரவு, கூடத்தில் பழைய சோக் வைத்த குழல்விளக்குகள் மட்டும். ஸ்டாப் அழுத்தினோம். தலை மங்கலான உருளையாகத் தெரிந்தது. வேகம் 1500-ஐ நெருங்கியபோது மங்கல் விலகிக் கத்திகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. முன்னோக்கி மெல்ல நகர்வதுபோல் தெரிந்து, நின்றன. ஒரு கணம் அசையாமல் நின்றன. வேகமானியில் 1500.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அப்படிப்பட்ட குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். 1500 சுற்று என்றால் நொடிக்கு 25 சுற்று. நான்கு கத்தி, ஆக நொடிக்கு 100 கத்தி. ஒவ்வொரு மினுக்கத்திலும் முந்தைய கத்தி நின்ற இடத்தில் அடுத்த கத்தி வந்து நிற்கிறது. கண்ணுக்கு எதுவும் நகரவில்லை. விளக்குகளை அணைத்துப் பேட்டரி விளக்கில் மறுபடி பார்த்தோம். அதே வேகத்தில் வெறும் மங்கல்தான்.

இது பழைய செய்தி. சுழலும் எந்திரங்களின் விளக்கமைப்பு பற்றி எழுதும் எந்தக் கையேட்டிலும் இருக்கும். நானும் படித்திருக்கிறேன். மருத்துவமனையில் அந்தக் கட்டில் அருகே நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். நூறு எண்ணி, மூடியைத் தூக்கி, குனிந்து பார்க்க மொத்தம் இரண்டு நிமிடம் ஆகும். புதிய பேரிங்கோடு தலை அந்த நேரத்தில் 1500-ஐ ஒட்டித்தான் இருக்கும். அவர் பார்த்ததாகச் சொன்னதைப் பார்த்திருக்கிறார்.

எடுத்த முடிவுகள்

சூளையில் மாற்றம் எளிது. சூடான அடுக்கிலிருந்து மாதிரிப் பலகைகளை மட்டும் எடுத்து, ஆறவிட்டு அளக்க வேண்டும். அவசரமானால் மீட்டரோடு வரும் வெப்பத் திருத்த அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும். இலக்கு 10 முதல் 12. இறுக்கம் தளர்த்தும் கட்டம் முழுநேரம். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு கவைத்துண்டு.

எந்திரத்தில், தலைகளின் மோட்டார்களுக்கு நேர்மின்னோட்டம் செலுத்தி நிறுத்தும் பிரேக் வைத்தோம். ஐரோப்பியத் தரவிதிகள் இத்தகைய எந்திரங்களுக்குப் பொதுவாக 10 நொடி என்கின்றன. நாங்கள் 9 நொடிக்கு வைத்தோம். அதைவிடக் குறைக்கலாம் என்றார் எலக்ட்ரீஷியன். சட்டென்று பிடித்தால் பெல்ட் வழுக்கும், கத்தியை இறுக்கும் போல்ட்டுகளுக்கும் அதிர்ச்சி என்பதால் நான் ஒப்பவில்லை. மூடிக்கு, தலை முற்றிலும் நின்றதை ரிலே உணர்ந்தபின் மட்டுமே விடும் பூட்டு. அது மின்சாரம் இருந்தால்தான் திறக்கும். மின்சாரம் போனால் பூட்டியே இருக்கும். குழல்விளக்குகளை மினுங்காத டிரைவர் கொண்ட எல்இடி விளக்குகளாக மாற்றினோம்.

அதிகம் வாதாடியது எந்திரத்தைப் பூட்டிவைப்பது பற்றி. ஒவ்வொரு ஜாமுக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்து, அவரவர் பூட்டைப் போட்டு, ரோலர் சிலிண்டரில் தங்கிய காற்றையும் வெளியேற்றினால் ஆறு நிமிடம். பன்னிரண்டு ஜாமுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். காற்றை வெளியேற்றுவதைத் தவிர்க்கவும் முடியாது: மின்சாரம் இல்லாவிட்டாலும் சிலிண்டரில் அழுத்தம் இருந்தால், சிராயை இழுத்த நொடியில் ரோலர் கீழே விழும். அமெரிக்காவில் 1989-இல் வெளியான பூட்டிவைத்தல் விதி, 1910.147, உற்பத்தியின் ஊடே திரும்பத் திரும்பச் செய்யும் சின்ன வேலைகளுக்கு மாற்றுப் பாதுகாப்பு இருந்தால் விலக்கு தருகிறது. அதைக் காட்டி, நமக்கும் விலக்கு வேண்டும் என்றார் உற்பத்தி மேலாளர். ஜாம் உற்பத்தியின் பகுதி அல்ல, கோளாறு என்பது என் வாதம். கடைசியில் ஒரு கோட்டை வரைந்தோம். மூடியின் விளிம்புக்கு வெளியே நின்று, நீண்ட பித்தளைக் கொக்கியால் இழுத்தெடுக்க முடிந்த சிராய்க்குப் பூட்டிய மூடி திறந்தால் போதும். விரல் விளிம்பைத் தாண்ட வேண்டுமென்றால் முழுப் பூட்டு, விதிவிலக்கே இல்லை. கொக்கி பித்தளையில் ஏன் என்றால், தப்பித்தவறி கத்தியில் பட்டாலும் கத்தி முனை எளிதில் தெறிக்காது.

பலகை அடுக்கும் இடத்தில் கையுறை உண்டு, எந்திரத்தின் பக்கம் கிடையாது. கத்தி மாற்றும்போது மட்டும், எந்திரம் பூட்டியிருக்க, வெட்டுப்படாத கையுறை.

தள்ளும் வேகத்தைப் பூட்டிவைக்கலாமா என்றும் பேசினோம். வேண்டாம் என்று விட்டோம். பலகைக்குப் பலகை வேகத்தை மாற்றத் தெரிந்திருப்பதுதான் நல்ல ஆபரேட்டரின் கை. பதிலாக ஷிஃப்டுக்கு ஒரு பலகையை எடுத்து அலையை அளந்து கரும்பலகையில் எழுதச் சொன்னோம்.

பின் நடந்தவை

சூளையின் புதிய பலகைகள் இழைப்புக் கூடத்துக்கு வர மூன்று வாரம் ஆனது. அதன்பின் கோடுகள் ஷிஃப்டுக்கு 2, 3 என்று இறங்கின. ரோலர் அழுத்தம் தானாகவே பழைய நிலைக்கு வந்தது. யாரும் சொல்லவில்லை, படுகையைத் துடைக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். சூளையில் ஒரு லோடுக்கு ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. மிச்சமான வறண்ட மணிகளை நீராவிக் கட்டம் எடுத்துக்கொண்டது.

எல்லாம் சுமுகமில்லை. ஒருநாள் கூடம் முழுக்க மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாமல் பிரேக் வேலை செய்யாது. தலை பழையபடி 2 நிமிடம் 40 நொடி சுற்றியது. மூடி பூட்டியே இருந்தது. அதற்குத்தான் அந்த வகைப் பூட்டு. மின்சாரம் வர நாற்பது நிமிடம் ஆனதால் கூடத்தில் முணுமுணுப்பு. அடுத்த வாரம், அவசரத்துக்குத் திறக்கும் சாவி அலுவலக இழுப்பறையிலிருந்து எந்திரத்தின் பக்கத்து ஆணிக்கு இடம் மாறியிருந்ததைப் பார்த்தேன். திரும்ப எடுத்து வைத்தேன். இரண்டு மாதத்தில் மறுபடி ஆணியில் தொங்கியது. இந்த ஒரு விஷயத்துக்கு எங்களிடம் நல்ல தீர்வு இல்லை.

ஹெல்ப்பர் ஏழு வாரத்தில் திரும்பி வந்தார். உள்வாய்ப் பக்கம் நிற்க விரும்பவில்லை. வெளிவாயில் பலகை அடுக்கும் வேலை கேட்டார், கொடுத்தோம். குழல்விளக்குச் சோதனையை அவருக்கும் செய்து காட்டினேன். பழைய விளக்கு ஒன்றை அதற்காகவே வைத்திருந்தோம். கத்திகள் நின்ற நொடியில், “இதேதான் சார்,” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

மீண்டும் செய்தால்

பேரிங், பெல்ட், மோட்டார் எதை மாற்றினாலும் நிற்கும் நேரத்தை அளந்து, எந்திரத்தின்மேல் எழுதி, ஷிஃப்ட் ஆட்களிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் எந்திரத்தை ஒப்படைப்பேன். பிரேக் உள்ள எந்திரத்துக்கும் இது பொருந்தும்; பிரேக்கும் தேயும்.

புகார் ஒன்றுக்காக ஏதாவது உத்தரவு போட்டால், அது அடுத்த கூடத்தில் என்ன செய்யும் என்று அந்தக் கூடத்து ஆட்களிடம் கேட்பேன். சூளைக்காரரும் ஆபரேட்டரும் ஐந்து மாதத்தில் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் பலகைகள் ஏன் குழிகின்றன என்பது ஒரு தேநீர் நேரத்தில் விளங்கியிருக்கும் என்று இப்போதும் நம்புகிறேன்.

அடிபட்டவர் சொன்னதை, பொய்யென்று சோதித்து உறுதியாகும்வரை உண்மையாகவே வைத்துக்கொண்டு, அதே நேரத்தில் அதே விளக்கில் அந்த இடத்தில் நின்று பார்ப்பேன். நான் சோதித்தது காலை வெயிலில்.

‘கவனக்குறைவு’ என்று எழுதிய அந்தப் பக்கம் கோப்பில் இருக்கிறது. அதைக் கிழித்தெடுத்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்றார்கள். அந்தச் சொல்லைச் சிவப்பில் ஒரு கோடு மட்டும் அடித்து, கீழே என் பெயரையும் தேதியையும் எழுதி, வேகமானி அளவுகளைப் பின்னால் சேர்த்தேன்.